வியாழக்கிழமைகளில் குறையும் ஆயில்

வெள்ளி, ஜூன் 13

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போர்டிகோவுக்குப் போய், காருக்கு அடியில் நேற்று விரித்து வைத்த அட்டையை இழுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. பல்லி எச்சம் மட்டும் இருந்தது. அப்படியென்றால் ஆயில் கீழே ஒழுகவில்லை. ஒழுகாத ஆயில் எங்கே போகிறது?

அதன் பிறகுதான் பல் துலக்கினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும்போது, காரமடை ரயில்வே கேட்டைத் தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு எரிந்து அணைந்தது. ஓரம் கட்டி நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் குச்சியை எடுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும்தான் ஈரம். போன மாதம்தான் ஆயில் மாற்றிய வண்டி. இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது, வயதாகிவிட்டது, எல்லாம் சரி. ஆனால் வயது ஒரே மாதத்தில் வந்துவிடாது. ஆயில் மாற்றியபோது மெக்கானிக் கனகு உண்மையில் முழு அளவு ஊற்றினானா? நான் அப்போது போன் பேசிக்கொண்டிருந்தேன்.

அட்டையை மடித்து மீண்டும் உள்ளே தள்ளி வைத்தேன். என் வீட்டுக்காரர் காபியோடு வந்து பார்த்துவிட்டு, என்ன தேடறே என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஞாயிறு, ஜூன் 15

கனகுவின் ஷெட்டுக்குப் போனேன். இந்த முறை போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். இன்ஜினின் மேல்மூடியைச் சுற்றி வியர்த்த மாதிரி ஆயில் கசிந்து காய்ந்திருப்பதைக் காட்டினான். மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கட்டை மாற்ற வேண்டுமாம். இன்ஜினுக்குள் சேரும் புகையைத் திருப்பி அனுப்பும் சின்ன வால்வு ஒன்று அடைத்துப் போயிருந்தது. அதைக் கழற்றிக் கழுவினான். இனி ஒரு படி கெட்டியான ஆயில் ஊற்றலாம், வண்டியை எடுத்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது என்றான். என்ன சொன்னாலும் அது பில்லில் வந்து நிற்கும் என்று எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"டீச்சர், வயசான வண்டி கொஞ்சம் குடிக்கத்தானுங்க செய்யும். குடியைக் கொறைக்கலாம். அடியோட நிறுத்தறதுக்கு நான் சாமியார் இல்லீங்க" என்றான்.

அளவு பார்க்கும் முறையையும் சொன்னான். காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, சமதரையில், குச்சியை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டோடு பார்த்தால் ஆயில் எல்லாம் மேலே நிற்கும், குச்சியில் குறைவாகத்தான் காட்டும். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள் நான். அளப்பதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் இத்தனை நாள் பள்ளி வாசலில் சூட்டோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

வியாழன், ஜூன் 19

திங்கள், செவ்வாய், புதன், மூன்று காலையிலும் ஆயில் குச்சியின் மேல்கோட்டிலேயே நின்றது. கெட்டி ஆயில் வேலை செய்கிறது. கனகுவைப் பற்றி நினைத்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், தற்காலிகமாக.

இன்று வியாழன். வண்டி அவருக்கு. தன் பம்பு செட் உதிரி பாகக் கடைக்குச் சாமான் எடுக்கக் கோயமுத்தூர் போகும் நாள். நான் பஸ்ஸில் போய் வந்தேன்.

வெள்ளி, ஜூன் 20

குறைந்திருக்கிறது. கொஞ்சம் நஞ்சமல்ல, இரண்டு கோடுகளுக்கு நடுவே பாதி.

கிலோமீட்டரைப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோயமுத்தூர் போய்வரும் தூரம்தான் ஏறியிருக்கிறது. நான் மூன்று நாளில் காரமடைக்குப் போய்வந்ததும் ஏறக்குறைய அதே தூரம்தான். அதற்குக் குறையாத ஆயில் இதற்கு ஏன் குறைகிறது?

இட்லி மாவு புளித்துவிட்டது. ஃப்ரிட்ஜின் குளிர் பத்தவில்லை போலிருக்கிறது, அல்லது யாராவது கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டிருக்கிறார்கள். பையன் சென்னைக்குப் படிக்கப் போனதிலிருந்து இந்த வீட்டில் யாராவது என்றால் அவர் ஒருவர்தான்.

வெள்ளி, ஜூன் 27

மேல்கோடு வரை ஊற்றி வைத்தும் இந்த வாரமும் அப்படியே. புதன் வரைக்கும் அசையாத அளவு, வியாழன் தாண்டியதும் பாதி.

சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். கவுண்டம்பாளையம் பக்கம் நின்று நின்று போக வேண்டியிருக்கிறது, வண்டி சூடாகிவிடுகிறது என்றார். நியாயமான பதில். நான் கேட்கப் போகிறேன் என்று தெரிந்து எடுத்து வைத்திருந்த பதில் போலவும் இருந்தது. சாதாரணமாக எதைக் கேட்டாலும் 'ம்' என்பவர், இன்று முழு வாக்கியம் பேசினார்.

சட்டையை முகர்ந்து பார்த்தேன். துவைக்கப் போடும் முன் எல்லாச் சட்டையையும் பார்ப்பது என் வழக்கம்தான். பைகளில் ஏதாவது இருந்து மெஷினில் போய்விடக் கூடாது அல்லவா. விறகுப் புகை வாசம் அடித்தது. கோயமுத்தூரில் பம்பு செட் உதிரி பாகம் விற்கிற கடையில் யார் விறகு எரிக்கிறார்கள்?

செவ்வாய், ஜூலை 1

இடைவேளையில் கோயமுத்தூர் மொத்தக் கடைக்குப் போன் செய்தேன். கடை பில்லின் மேலேயே நம்பர் இருந்தது. மேட்டுப்பாளையத்து மயில்சாமி வீட்டில் இருந்து பேசுகிறேன், போன வாரம் வந்தபோது கண்ணாடிக் கூட்டை அங்கே மறந்து வைத்துவிட்டாராம், இருக்கிறதா என்று கேட்டேன்.

"அண்ணன் இங்க வந்தே நாளாச்சுங்களே அக்கா. சித்திரையில இருந்தே சரக்கு பூராத்தையும் லாரி பார்சல்லதான போட்டுடறோம். வேற கடையில வெச்சிருப்பாருங், பாருங்க."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த பீரியட் பதினொன்றாம் வகுப்புக்கு உராய்வு நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன்.

வெள்ளி, ஜூலை 4

இன்று காலையில் பார்த்தது எனக்குப் பிடிபடவே இல்லை. குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல்கோட்டுக்கும் மேலே நிற்கிறது. கறுத்துப் போயிருந்த ஆயில் தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது.

யாரோ புது ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன, அவர்தான்.

குறைந்தால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். கூடியதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். நான் குச்சியைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஊற்றி நிரப்புகிறார். குறைவாக ஊற்றினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து கூடுதலாக ஊற்றியிருக்கிறார். திருடுகிறவர்கள் மட்டும்தான் இப்படிக் கணக்குத் தவறுவார்கள்.

அளவுக்கு மேல் ஆயில் இருந்தால் உள்ளே நுரைத்துக் கிளம்பிப் புகையாகப் போகும், அதுவும் வண்டிக்குக் கெடுதல். பள்ளி ஆய்வகத்திலிருந்து ரப்பர் குழாயும் பெரிய சிரிஞ்சும் கொண்டுவந்து, குச்சி போகும் துளை வழியாக மிச்சத்தை உறிஞ்சி எடுத்தேன். மேல்கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு, ஜூலை 6

ஒரு வண்டி மற்ற நாளெல்லாம் சும்மா இருந்துவிட்டு ஒரே ஒரு நாள் மட்டும் ஆயில் குடிக்குமா என்று கனகுவிடம் கேட்டேன். என் வண்டி என்று சொல்லவில்லை. கூட வேலை பார்க்கும் டீச்சரின் வண்டி என்றேன்.

"அந்த ஒரு நாள் மலை ஏறி எறங்குதுங்களா டீச்சர்? எறக்கத்துல காலை எடுத்துட்டு கியர்லயே வுட்டு வந்தா, வால்வு தேஞ்ச வண்டி ஆயில உள்ள இழுத்துரும். ஒவ்வொரு வளைவுலயும் மறுக்கா மிதிக்கறப்ப நீலமாப் பொகை வரும்ங்க. சமதரையில அந்த வண்டிய வுட்டா, ஒண்ணுந்தெரியாத பாப்பாவாட்ட ஓடும்."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோயமுத்தூரும் கோத்தகிரியும் ஏறக்குறைய ஒரே தூரம். ஒன்று சமதரை, இன்னொன்று மலை. கிலோமீட்டர் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இதை யோசித்துத்தான் செய்கிறாரா?

கோத்தகிரியில் நமக்கு யார் இருக்கிறார்கள்? அவருடைய தங்கை நாகமணி இருக்கிறாள். ஆனால் அங்கே அவர் போக மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் புதுமனைப் புகுவிழாவில், பந்தியில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அவள் என்னைப் பற்றி ஒன்று சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இனி அவள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவர் எனக்கு வாக்குக் கொடுத்தார். நான் கேட்டேன், கொடுத்தார். அவள் புருஷன் தவறியபோது மட்டும் இருவரும் போய், எடுத்த கையோடு திரும்பிவிட்டோம். பதினாறாம் நாளுக்குப் போகவில்லை. எனக்குத் தேர்வுப் பணி இருந்தது.

ஆக அவள் இல்லை. வேறு யாரோ. வேறு ஒரு பெண் என்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். அழுவேன், அண்ணனைக் கூப்பிடுவேன், ஊரைக் கூட்டுவேன். அதை யோசித்தால் பயமாக இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

வெள்ளி, ஜூலை 11

மறுபடியும் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. மறுபடியும் உறிஞ்சி எடுத்தேன்.

அதைவிட முக்கியமானது ஒன்று. டிரைவர் பக்கக் கதவின் பையில் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. மூடி இறுக்கிச் சாத்தியிருந்தது. யாரோ கையால் பிசைந்த மாதிரி உள்வாங்கி நசுங்கியிருந்தது. மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டு பாட்டில் நிமிர்ந்தது.

இதை நான் வகுப்பில் நடத்துகிறேன். மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவு. அங்கே மூடிய பாட்டிலைக் கீழே கொண்டுவந்தால் வெளிக்காற்று அதை நசுக்கும். கோயமுத்தூரில் மூடிய பாட்டில் மேட்டுப்பாளையத்தில் இப்படி ஆகாது.

இனி இது சந்தேகமில்லை. நிரூபணம்.

அவர் தோசை கேட்டார். இரண்டு ஊற்றிக் கொடுத்தேன். மூன்றாவது வேண்டுமா என்று கேட்கவில்லை.

புதன், ஜூலை 16

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன், பல் வலி என்று. அவருக்குச் சொல்லவில்லை. வழக்கம்போலக் காலையில் பஸ் ஏறுவேன், ஆனால் வேறு பஸ்.

சோதனை என்றால் ஆரம்ப அளவு நமக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். மேல்கோட்டில் இருந்து ஆரம்பித்தால் அவர் எவ்வளவு ஊற்றுகிறார் என்று பிடிக்க முடிவதில்லை. அதனால் பள்ளியிலிருந்து வந்ததும் சிரிஞ்சை எடுத்து, ஆயிலைக் கீழ்க்கோட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். கீழ்க்கோடு என்பதும் அனுமதிக்கப்பட்ட அளவுதான். காரின் கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

வியாழன், ஜூலை 17

நடந்ததை நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன்.

அவர் கிளம்பிய பிறகு கோத்தகிரி பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். சாரல் இருந்ததால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. ஊருக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் ஒரு மைதானத்தில் எங்கள் கார் நின்றது. நின்றது என்பது சரியில்லை. தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போய் நின்றது. ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு பெண். பக்கத்தில் அவர்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் குடையை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். மைதானத்தின் ஓரத்தில் தகரம் போட்ட டீக்கடை ஒன்று. அதை ஒட்டிக் காரட் மூட்டைகள் அடுக்கி, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னேன். கடைக்காரம்மா விறகடுப்பை ஊதிக்கொண்டே தானாகப் பேசினார். அந்த அக்காவுக்கு இங்கே பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம், லைசென்ஸ் எடுத்துவிட்டால். ஆகஸ்ட் முதல் வாரம் டெஸ்ட். கீழே இருந்து அவருடைய அண்ணன் வாரம் தவறாமல் வந்து சொல்லித்தருகிறாராம். "புருசன் போனதுக்கப்புறம் அதுக்கு வேற ஆரு இருக்கறாங்க சொல்லுங்க" என்றார்.

நாகமணிதான். அவள் இளைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் டீ குடிக்க வந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் காரட் மூட்டைகள்தான்.

"இன்னொருக்கா சிரிச்சீன்னா நான் எறங்கி வூட்டுக்குப் போயிருவேன் பாத்துக்கண்ணா."

"போ. நீ எறங்குனா வண்டி சந்தோசமா ஓடும்."

அவர் சிரித்தார். இந்தச் சிரிப்பை நான் எப்போது கேட்டேன் என்று யோசித்தேன். பையன் சின்னவனாக இருந்தபோது இருக்கலாம்.

பிறகு அவர் சொன்னது: "இன்னிக்கு ஏறி வர்றப்ப மூணு வளைவுல ஆயில் லைட்டு எரிஞ்சுருச்சு நாகு. கடசி வளைவுல இன்ஜின் கடகடன்னு ஒரு சத்தம். லாரி வேற எதுக்க வந்துட்டான். அப்புடியே நின்னு போயிருமோன்னு ஒரு நிமிசம் பயந்தே போயிட்டேன். வந்ததும் பாத்தா குச்சியில ஒண்ணுமே இல்ல. ரெண்டு பாட்டில் ஊத்துனேன்."

"போன வாரந்தான நெறையா ஊத்துன?"

"அதான் எனக்கும் புரியல. எங்க போகுதுன்னே தெரியல."

டீயில் சர்க்கரை அதிகம். இஞ்சி போட்டிருந்தார்கள். முழுவதும் குடித்தேன்.

நாகமணிக்கு நான் நங்கை, அதாவது அண்ணன் மனைவி. அவள் கேட்டாள்: "நங்கைக்குத் தெரிஞ்சா என்னண்ணா பண்ணுவே?"

"தெரிஞ்சா சத்தமெல்லாம் போட மாட்டா. போக வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொல்லுவா. நானும் வர மாட்டேன். அவ்வளவுதான்."

சொன்னதில் கோபம் இல்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எழுந்து அந்தப் பக்கம் போயிருப்பேன்.

புதுமனைப் புகுவிழாவில் அவள் சொன்னது இதுதான், எழுதிவிடுகிறேன்: "எங்கண்ணன் இந்த வூட்ல தும்மறதுன்னாக்கூட நங்கையக் கேட்டுட்டுத்தானுங்க தும்மோணும்." பந்தியே சிரித்தது. அவரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். அதை நான் மன்னிக்கவில்லை. இன்றும் மன்னித்துவிட்டதாக எழுத மாட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட் கிடைத்தது. பாதி மலையில் எங்கள் வெள்ளைக் காரைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்துவிட்டோம். ஒவ்வொரு வளைவிலும் திரும்பி வேகம் எடுக்கும்போது பின்னாலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று வந்து பஸ் கண்ணாடியை மறைத்தது. கண்டக்டர், "முன்னால போறவரு நமக்குக் கொசு மருந்து அடிச்சுட்டே கூட்டிட்டுப் போறாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காரின் பிரேக் விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். அடிவாரத்தில் தண்டவாளம் தாண்டும் வரைக்கும் பார்த்தேன்.

பொழுது சாய்ந்து கடையிலிருந்து வந்தார். கோயமுத்தூரில் நல்ல வெயில் என்றார்.

வெள்ளி, ஜூலை 18

மேல்கோட்டைத் தாண்டி, விரல் அகலம் கூடுதல்.

இப்போது விளங்குகிறது. மேலே போய் நிறுத்தியதும் சூட்டோடு குச்சியைப் பார்க்கிறார். அப்போது ஆயில் எல்லாம் இன்ஜினின் மேல்பாகத்தில் நிற்கும். இருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும். பயந்து நிறைய ஊற்றுகிறார். நான் மறுநாள் காலையில் உறிஞ்சி எடுக்கிறேன். ஒரே இன்ஜினில் அவர் ஊற்ற, நான் எடுக்க, ஒருவருக்கொருவர் சொல்லாமல் குடும்பம் நடத்துகிறோம். அவர் எனக்காகத்தான் நிரப்பி ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். வீடு வந்து சேர வேண்டும் என்றுதான் ஊற்றியிருக்கிறார்.

நேற்று மட்டும் சூட்டில் பார்த்ததால் வந்த பிழை அல்ல. நேற்று உண்மையிலேயே ஆயில் இல்லை. வளைவில் வண்டி சாயும்போது இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், பம்பு வெறும் காற்றை இழுத்திருக்கும். இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்க என்னால் முடியும்.

கீழ்க்கோடு அனுமதிக்கப்பட்ட அளவுதான். சமதரைக்கு.

இன்று உறிஞ்சி எடுத்தபோது சேலையில் ஆயில் சிந்திவிட்டது. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.

சனி, ஜூலை 19

காலைச் சாப்பாட்டின்போது, பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ஓட்டிட்டு வந்த சூட்டுல ஆயில் பார்த்தா கம்மியாத்தான் காட்டுமாம். கா மணி நேரம் ஆற விட்டுத்தான் பாக்கோணுமாம்."

அவர் கையில் இருந்த இட்லித் துண்டு அப்படியே நின்றது.

"ஆரு சொன்னா?"

"கனகுதான். நான் பள்ளிக்கூடத்துல நிறுத்துனதும் பாக்கறேன் இல்லீங்களா, அதுக்குச் சொன்னான்."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி நிதானமாக, கண்ணிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து கைக்கும். அப்படிப் பார்க்கப்பட்டு எனக்குப் பழக்கமில்லை. நான் எழுந்து சட்னி எடுக்கப் போனேன். ஏற்கெனவே தட்டில் சட்னி இருந்தது.

சாயங்காலம் கனகுவின் ஷெட்டுக்குப் போனேன். இந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோகலாமா என்று நேராகவே கேட்டேன். யாருடைய வண்டி என்று கதை கட்டவில்லை. இப்போது இருக்கிற நிலைமையில் வேண்டவே வேண்டாம் என்றான். சீக்கிரமே ஒருநாள் நடுமலையில் இன்ஜின் பிடித்து நின்றுவிடும் என்றான். இன்ஜினின் தலைப்பாகத்தைக் கழற்றி, ஆயிலை உள்ளே விடாமல் தடுக்கும் வால்வு சீலும் கைடும் புதிதாகப் போட வேண்டும், லேத் பட்டறைக் கடைசலுக்குக் கோயமுத்தூர் அனுப்பி வாங்க வேண்டும், செய்துவிட்டால் தைரியமாக ஊட்டிக்கே போகலாம் என்றான். எத்தனை நாள் என்றேன். ஒரு பத்து நாள் விடுங்கள் என்றான்.

அவ்வளவு நாள் முடியாது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விட்டால் அடுத்த புதன்கிழமை சாயங்காலம் கொடுத்துவிட வேண்டும் என்றேன்.

"புதங்கெழமைக்கு அப்புடி என்னங்க டீச்சர் முகூர்த்தம்?"

எனக்கு வேண்டும், அவ்வளவுதான் என்றேன். தலையைச் சொறிந்துவிட்டு, கடைசல்காரனைக் காலில் விழுந்தாவது கேட்கிறேன் என்றான். இன்னும் நான் சரி என்று சொல்லவில்லை.

ஞாயிறு, ஜூலை 20

மழை. துணி எதுவும் காயவில்லை. பையன் போன் செய்தான், அப்பா குரல் நன்றாக இருக்கிறது என்றான். என் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

நேற்றிலிருந்து ஒன்றையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எனக்குத் தெரியும் என்று சொன்னால், அவர் போவதை நிறுத்திவிடுவார். சண்டை போட மாட்டார். 'ம்' என்பார். வியாழக்கிழமை வீட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்பார். நாகமணி டெஸ்ட்டுக்குப் பாதி கற்றுக்கொண்ட கையோடு போய்த் தோற்பாள், அந்த வேலை வேறு யாருக்காவது போகும். போய் வாருங்கள் என்று நானே சொன்னாலும் அப்படித்தான் ஆகும். என்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போகிற இடத்தில் அவர் அன்றைக்குச் சிரித்த மாதிரி சிரிக்க மாட்டார். இதை ஒத்துக்கொள்ள எனக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது.

எதுவும் சொல்லாமல் விட்டால், அந்த வண்டியில், அந்த வளைவுகளில் அவர் ஏறி இறங்குவார்.

இந்த வியாழன் வருவதற்குள் வண்டியைத் திறக்க முடியாது. அதனால் புதன்கிழமை சாயங்காலம் நானே மேல்கோடு வரைக்கும் சரியாக ஊற்றி வைப்பேன். அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். சிரிஞ்சைப் பள்ளி ஆய்வகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இருபத்தைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கனகுவிடம் விடுவேன். அவர் கேட்டால் காரமடை ரோட்டில் லைட் எரிந்தது, எனக்குப் பயமாக இருக்கிறது என்பேன். நம்புவார், நான் எப்போதும் எதற்காவது பயந்துகொண்டிருப்பவள்தானே. ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் லோன் போட்டு இன்ஜினை மலை ஏறுகிற மாதிரி செய்து வாங்குவேன். கனகுவிடம் காரணம் சொல்ல மாட்டேன். அண்ணனிடமும் பையனிடமும் சொல்ல மாட்டேன்.

அவர் கோயமுத்தூர் போகிறேன் என்பார். நான் பார்த்துப் போய்ட்டு வாங்க என்பேன். எத்தனை கிலோமீட்டர் ஏறியது என்று இனிமேல் பார்க்கப் போவதில்லை.